கொலராடோ ஆற்றுக்கு மேகம் தரும் நீர் எவ்வளவு? ஒரு வரவு செலவுக் கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் ஆண்டுக்கு 165 இலட்சம் ஏக்கர் அடி நீருக்குச் சட்டப்படி உரிமை வழங்கப்பட்டிருக்கிறது. 1922ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கொலராடோ, யூட்டா, வயோமிங், நியூ மெக்சிகோ ஆகிய மேல்வடிநில மாநிலங்களுக்கு 75 இலட்சம். கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா ஆகிய கீழ்வடிநில மாநிலங்களுக்கு 75 இலட்சம். 1944ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி மெக்சிகோவுக்கு 15 இலட்சம். ஓர் ஏக்கர் அடி என்பது 43,560 கன அடி, அதாவது சுமார் 12.33 இலட்சம் லிட்டர். 22,957 ஏக்கர் அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. அந்தக் கணக்கில் கொலராடோவின் மொத்த உரிமை 719 டி.எம்.சி. காவிரி நடுவர் மன்றம் 2007இல் காவிரிக்குக் கணக்கிட்ட நீர் 740 டி.எம்.சி. என்பதை நினைவில் கொண்டால், இந்த ஆற்றின் அளவு தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடும்.

உரிமை 165 இலட்சம். வரத்து அவ்வளவு இல்லை. லீஸ் ஃபெர்ரி என்னும் இடத்தில் கணக்கிடப்படும் இயற்கை நீரோட்டம் 1906 முதல் 1999 வரை ஆண்டுச் சராசரியாகச் சுமார் 152 இலட்சம் ஏக்கர் அடியாக இருந்தது. 2000க்குப் பிந்தைய சராசரி சுமார் 124 இலட்சம். வீழ்ச்சி 28 இலட்சம் ஏக்கர் அடி, அதாவது 122 டி.எம்.சி.; விழுக்காட்டில் 18. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மேட்டூரும் அதன் மூன்றில் ஒரு பங்கும் இந்த ஆற்றிலிருந்து காணாமற்போனதாகப் பொருள். இந்த நீரை நம்பி ஏறத்தாழ 4 கோடி மக்களும், சுமார் 55 இலட்சம் ஏக்கர் பாசன நிலமும் இருக்கின்றன.

வீழ்ச்சியின் ஒரு சட்டபூர்வ விளைவு 6.13 இலட்சம் ஏக்கர் அடி வெட்டு. இந்த ஆற்றிலுள்ள மீட் நீர்த்தேக்கம் வரையறுத்த மட்டத்துக்குக் கீழே இறங்கும் என்று கணிக்கப்பட்டதால், 2021 ஆகஸ்டில் அமெரிக்க நடுவண் அரசு முதன்முறையாகப் பற்றாக்குறையை அறிவித்தது. 2022ஆம் ஆண்டுக்கு அரிசோனாவுக்கு 5.12 இலட்சம், மெக்சிகோவுக்கு 0.80 இலட்சம், நெவாடாவுக்கு 0.21 இலட்சம் ஏக்கர் அடி குறைக்கப்பட்டது. அரிசோனாவின் ஒதுக்கீடு 28 இலட்சம். வெட்டு அதில் 18 விழுக்காடு. அதுவும் போதவில்லை. 2022 ஜூனில் நடுவண் நீர்வளப் பணியகம் (பியூரோ ஆஃப் ரெக்லமேஷன்) ஏழு மாநிலங்களிடமும் கேட்ட குறைப்பு 20 முதல் 40 இலட்சம் ஏக்கர் அடி, அதாவது 87 முதல் 174 டி.எம்.சி. மேகத்தில் துகள் தூவிப் பனியைக் கூட்ட முயலும் மேக விதைப்பின் பலனை எந்த அளவுகோலால் அளக்க வேண்டுமோ, அந்த அளவுகோல் இதுதான்.

24 இலட்சம் டாலர்

இந்தச் சூழலில் 2023 மார்ச்சில் ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. மேல்வடிநிலத்தில் மேக விதைப்பை விரிவாக்க, நடுவண் பணியகம் தெற்கு நெவாடா நீர் ஆணையத்துக்கு 24 இலட்சம் டாலர் வழங்கியது. அதே ஆண்டு யூட்டா சட்டமன்றம் தன் மாநிலத்தின் மேக விதைப்புக்கு ஒருமுறைத் தொகையாக 1.2 கோடி டாலரும், ஆண்டுதோறும் 50 இலட்சம் டாலரும் ஒதுக்கியது. கீழ்வடிநிலத்தில் இருக்கும் லாஸ் வேகஸ் நகரின் நீர் ஆணையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள மலைகளின் மேகத்துக்குச் செலவு செய்வதற்குக் காரணம் உண்டு. ஆற்றின் ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த மலைகளில் பெய்யும் பனி உருகி வருவது.

விதைப்பின் இயக்கம் ஒரு வெப்பநிலையைச் சார்ந்தது: உறைநிலைக்குக் கீழே சுமார் 6 டிகிரி செல்சியஸ். மலைமேல் ஏறும் குளிர்கால மேகங்களில் சுழியத்துக்குக் கீழேயும் உறையாத நுண்துளிகள் மிதக்கும். பனிப்படிகத்தை ஒத்த கட்டமைப்புள்ள வெள்ளி அயோடைடுத் துகள், சுமார் −6 டிகிரியிலும் அதற்குக் கீழும் அத்துளிகளை உறையச் செய்கிறது. உறைந்த படிகம் பெருத்துப் பனியாக விழுகிறது. 1946 நவம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியைக் கொண்டு மேகத்தில் பனியை உருவாக்கிக் காட்டினார். அதே மாதம் பெர்னார்ட் வானகட் வெள்ளி அயோடைடின் இப்பண்பைக் கண்டறிந்தார். அறிவியல் அடிப்படைக்கு இப்போது ஏறத்தாழ 80 வயது. எஞ்சியிருக்கும் கேள்வி அளவு பற்றியது.

571 ஏக்கர் அடி

அளவுக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று 571 ஏக்கர் அடி. 2017 ஜனவரி முதல் மார்ச் வரை ஐடஹோ மாநிலத்தின் பேயட் வடிநிலத்தில் ஸ்னோயி என்னும் ஆய்வு நடந்தது. விமானத்திலிருந்து வெள்ளி அயோடைடு விதைக்கப்பட்ட மூன்று நிகழ்வுகளில், விதைத்த தடத்தில் மட்டும் பனி உருவாகி விழுவதை ரேடார் காட்டியது. 20 நிமிட விதைப்புக்கு 100 ஏக்கர் அடி, 86 நிமிட விதைப்புக்கு 196 ஏக்கர் அடி, 24 நிமிட விதைப்புக்கு 275 ஏக்கர் அடி என முடிவுகள் 2020இல் வெளியாயின. மூன்றும் சேர்த்து 130 நிமிடம், 571 ஏக்கர் அடி, சுமார் 7 இலட்சம் கன மீட்டர். பனிமானிகளில் படிந்த ஆழம் 0.05 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை.

571 என்பது 0.025 டி.எம்.சி. நடுவண் பணியகம் கேட்ட குறைப்பின் கீழ்வரம்பான 20 இலட்சம் ஏக்கர் அடியை எட்ட, இந்த மூன்று நிகழ்வுகளின் கூட்டுப் பலன் சுமார் 3,500 முறை திரும்ப நிகழ வேண்டும். நிமிடக் கணக்கும் சீராக இல்லை. 24 நிமிடத்தில் 275 ஏக்கர் அடி கிடைத்தது. 86 நிமிடத்தில் 196 மட்டுமே. நிமிடத்துக்கு முன்னது 11.5, பின்னது 2.3, ஐந்து மடங்கு வேறுபாடு. பலனைத் தீர்மானிப்பது விதைப்பின் நேரத்தை விட மேகத்தின் நிலைதான் என்று இதிலிருந்து எச்சரிக்கையோடு சொல்லலாம். மேகத்தின் நிலை மனிதர் கையில் இல்லை.

3 விழுக்காடும் 28 விழுக்காடும்

மூன்று நிகழ்வுகளை விட்டுப் பல குளிர்காலங்களைப் பார்த்தால் எண் 3 விழுக்காடாகச் சுருங்குகிறது. வயோமிங் மாநிலம் 2005 முதல் 2014 வரை சுமார் 1.4 கோடி டாலர் செலவில் ஒரு சோதனைத் திட்டம் நடத்தியது. மெடிசின் போ, சியரா மாட்ரே என்னும் அருகருகே உள்ள இரு மலைத்தொடர்களில், எதில் விதைப்பது, எதை ஒப்பீட்டுக்கு விடுவது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. ஒவ்வொரு சோதனைக்கும் 4 மணி நேரம். ஆறு குளிர்காலங்களில் பகுப்பாய்வுக்குத் தேறியவை 118. விதைத்த மலையில் பனிப்பொழிவு 3 விழுக்காடு அதிகம். ஆனால் விதைப்புக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும், இந்த அளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்ற 28 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. ஆய்வுலகம் வழக்கமாக ஏற்கும் வரம்பு 5 விழுக்காடு.

புள்ளியியலோடு கணினி மாதிரிகளையும் களஅளவீடுகளையும் சேர்த்துப் பார்த்த வயோமிங் ஆய்வாளர்கள், தகுந்த மேகங்களில் 5 முதல் 15 விழுக்காடு வரை கூடுதல் பனி கிடைக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இங்கே கனமான சொல் "தகுந்த". அத்தகைய நிலை குளிர்காலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடே அமைந்தது. 30 விழுக்காட்டில் 5 முதல் 15 விழுக்காடு என்றால், மொத்தப் பனியில் 1.5 முதல் 4.5 விழுக்காடு. அறிவிப்புகளில் "15 விழுக்காடு" என்று மட்டும் வரும்போது, பெருக்க வேண்டிய 30 விழுக்காடு விடுபட்டுப்போகிறது.

பிற சான்றுகளும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆராய்ந்த ஆய்வுகளில் கூடுதல் பொழிவு 0 முதல் 20 விழுக்காடு வரை மதிப்பிடப்பட்டிருந்தது. 0 என்பதும் அந்த வரம்புக்குள் அடக்கம். குறைந்தது 9 மாநிலங்கள் மேக விதைப்பைப் பயன்படுத்துவதாகவும் அதே அறிக்கை சொல்கிறது.

நீண்ட அனுபவமுள்ள நாடு ஒன்றின் எண் 1.8 விழுக்காடு. இஸ்ரேலில் 1961–67 காலச் சோதனை சுமார் 15 விழுக்காடும், 1969–75 காலச் சோதனை நாட்டின் வடபகுதியில் சுமார் 13 விழுக்காடும் கூடுதல் மழையைக் காட்டின. அவற்றை நம்பி, கலிலேயாக் கடலின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்காகப் பல பத்தாண்டுகள் விதைப்பு தொடர்ந்தது. 2013 முதல் 2020 வரை ஏழு குளிர்காலங்களில் குலுக்கல் முறையில் மீண்டும் சோதித்தபோது கிடைத்தது 1.8 விழுக்காடு, அதுவும் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. இஸ்ரேல் அத்திட்டத்தை நிறுத்தியது. முதல் சோதனையின் 15 விழுக்காடு, கடைசிச் சோதனையில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது.

0.65 முதல் 1.95 இலட்சம்

இப்போது கொலராடோவுக்கு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆண்டு ஓட்டம் 124 இலட்சம் ஏக்கர் அடி. பனியிலிருந்து வருவது 70 விழுக்காடு என்று கொண்டால் 86.8 இலட்சம். விதைப்புக்குத் தகுந்த நிலை 30 விழுக்காடு என்றால் 26 இலட்சம். மலைப்பரப்பில் பாதியை விதைப்புக் கருவிகள் எட்டுவதாகக் கொண்டால் 13 இலட்சம். அதில் 5 முதல் 15 விழுக்காடு கூடுதல் என்றால் 0.65 முதல் 1.95 இலட்சம் ஏக்கர் அடி. டி.எம்.சி.யில் 2.8 முதல் 8.5. மொத்த ஓட்டத்தில் 0.5 முதல் 1.6 விழுக்காடு. பனி எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் ஓட்டமும் கூடும் என்பது இக்கணக்கின் அனுமானம்.

அந்த அனுமானத்தை விதைப்புக்குச் சாதகமாகவும் மாற்றிப் பார்க்க வேண்டும். இவ்வடிநிலத்தில் பொழிவு 1 விழுக்காடு கூடினால் ஓட்டம் 2 முதல் 3 விழுக்காடு கூடும் என்று நீரியல் மாதிரிகள் காட்டுகின்றன. மண்ணும் தாவரமும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சும் நீரில் ஆற்றுக்குப் பெரும்பங்கு போய்ச் சேருவதே காரணம். இரு மடங்கு என்று கொண்டால் விதைப்பின் பலன் 1.3 முதல் 3.9 இலட்சம் ஏக்கர் அடியாகிறது. 20 இலட்சம் குறைப்பு என்ற கீழ்வரம்போடு ஒப்பிட்டால் 6.5 முதல் 19.5 விழுக்காடு, 40 இலட்சம் என்ற மேல்வரம்போடு ஒப்பிட்டால் 3.3 முதல் 9.8 விழுக்காடு. சாதகமான எல்லா அனுமானங்களையும் ஏற்ற பிறகும், 2022இல் நடைமுறைக்கு வந்த 6.13 இலட்சம் ஏக்கர் அடி வெட்டைக்கூட இது ஈடுசெய்யாது.

வெப்பநிலைக் கணக்கு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 2020இல் வெளியான மில்லி, டன் ஆகியோரின் ஆய்வுப்படி, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் மேல்வடிநில ஓட்டம் 9.3 விழுக்காடு குறையும். 152 இலட்சத்தில் 9.3 விழுக்காடு என்பது 14.1 இலட்சம் ஏக்கர் அடி. விதைப்பின் உச்ச மதிப்பீடான 3.9 இலட்சம் ஏக்கர் அடி, 0.28 டிகிரி வெப்ப உயர்வில் கரைந்துவிடும். கீழ் மதிப்பீடான 1.3 இலட்சம் கரைய 0.09 டிகிரி போதும்.

134-ஐ 26-ஆல் வகுத்தால்

சிறு பலனைக் கண்ணால் காண முடியாமைக்குக் காரணம் 5 மடங்கு ஏற்ற இறக்கம். இதே ஆற்றிலுள்ள பவல் நீர்த்தேக்கத்துக்கு 2002ஆம் நீராண்டில் வந்த நீர் சுமார் 26 இலட்சம் ஏக்கர் அடி; 2023ஆம் நீராண்டில் சுமார் 134 இலட்சம். இயற்கை இப்படி ஊசலாடும் ஆற்றில் 1 அல்லது 2 விழுக்காட்டு உயர்வை ஓட்டக் கணக்கை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. பனி அதிகம் பெய்த ஆண்டைக் காட்டி "விதைப்பு வென்றது" என்பதும், வறண்ட ஆண்டைக் காட்டி "தோற்றது" என்பதும் ஒரே அளவு ஆதாரமற்றவை. இன்னொன்றும் உண்டு. வறண்ட ஆண்டில் விதைக்க மேகங்களே குறைவு. நீர் மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் பலன் மிகக் குறையும். நல்ல ஆண்டின் உபரியைத் தேக்கி வைக்க அணையில் இடம் இருந்தால் மட்டுமே அது வறண்ட ஆண்டுக்கு உதவும்.

ஏக்கர் அடிக்கு 400 டாலர்

பலன் சிறிது என்பதால் செலவு வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒப்பிட வேண்டிய விலை 400 டாலர். 2022 அக்டோபரில் நடுவண் பணியகம், கீழ்வடிநிலத்தில் நீரை எடுக்காமல் விட்டுக்கொடுப்போருக்கு ஏக்கர் அடிக்கு ஓராண்டுக்கு 330, ஈராண்டு உடன்பாட்டுக்கு 365, மூவாண்டு உடன்பாட்டுக்கு 400 டாலர் என விலை அறிவித்தது. 400 டாலர் விலையில் 24 இலட்சம் டாலருக்குக் கிடைப்பது 6,000 ஏக்கர் அடி. அதே தொகையை விதைப்பில் இட்டு 6,000 ஏக்கர் அடிக்கு மேல் கிடைத்தால் விதைப்பே மலிவு. 6,000 என்பது 124 இலட்சத்தில் 0.05 விழுக்காடு மட்டுமே. யூட்டாவின் ஆண்டுத் தொகை 50 இலட்சம் டாலருக்கு இதே வரம்பு 12,500 ஏக்கர் அடி. நமது தோராயக் கணக்கின் கீழ்முனையே 65,000.

கடல்நீரோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 5 கோடி கேலன், அதாவது ஆண்டுக்குச் சுமார் 56,000 ஏக்கர் அடி தர வல்லது. 2016இல் அந்நீரின் விலை ஏக்கர் அடிக்குச் சுமார் 2,100 முதல் 2,400 டாலர். ஆனால் ஆலையின் நீர் குழாயில் அளந்து வருகிறது. மேகத்தின் நீர் மதிப்பீடாக மட்டுமே வருகிறது. விலையின் வேறுபாட்டில் ஒரு பகுதி அந்த உறுதிக்கான விலை என்றே கொள்ள வேண்டும்.

தேவைப் பக்கத்து எண்கள்

நீரைக் கூட்டுவதோடு, செலவைக் குறைப்பதன் எண்களையும் அருகில் வைக்க வேண்டும். முதலாவது 46 விழுக்காடு. 2024இல் வெளியான ஆய்வின்படி, கொலராடோ வடிநிலத்தில் மனிதர் நேரடியாகப் பயன்படுத்தித் தீர்க்கும் நீரில் 74 விழுக்காடு பாசனத்துக்கும், அதற்குள் மாட்டுத் தீவனப் பயிர்களுக்கு மட்டும் மொத்தத்தில் 46 விழுக்காடும் செல்கிறது. அந்த ஆய்வின் விகிதங்களைப் பெருக்கினால் தீவனத்தின் பங்கு சுமார் 62 இலட்சம் ஏக்கர் அடி. அதில் 5 விழுக்காட்டைக் குறைத்தால் 3.1 இலட்சம், விதைப்பின் உச்ச மதிப்பீட்டில் ஐந்தில் நான்கு பங்கு அதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது எண் நெவாடாவின் 1.35 இலட்சம் ஏக்கர் அடி. 2002இல் அம்மாநிலம் இந்த ஆற்றிலிருந்து பயன்படுத்தியது சுமார் 3.25 இலட்சம், 2023இல் 1.9 இலட்சத்துக்கும் குறைவு. இந்த 21 ஆண்டுகளில் மக்கள்தொகை ஏழரை இலட்சத்துக்கு மேல் கூடியது. அழகுப் புல்வெளிகளை அகற்றியதும், வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து மீட் நீர்த்தேக்கத்துக்கே திருப்பியதும் இதற்கு முக்கியக் காரணங்கள். இந்தச் சேமிப்பு மீட்டரில் அளந்தது. மேக விதைப்புக்கான 24 இலட்சம் டாலரைப் பெற்றதும் இதே மாநிலத்தின் ஆணையம்தான். விதைப்பைச் சேமிப்புக்கு மாற்றாகக் கொள்ளாமல், சேமிப்புக்கு மேல் ஒரு சிறு கூடுதலாகக் கொண்ட நிருவாகம் அது.

மூன்றாவது எண் 120 கோடி டாலர். 2023 மேயில் கீழ்வடிநில மாநிலங்கள் 2026 இறுதிக்குள் 30 இலட்சம் ஏக்கர் அடியைக் குறைக்க இசைந்தன. அதில் 23 இலட்சத்துக்கு நடுவண் அரசு ஈடு தரும். தொகை சுமார் 120 கோடி டாலர், ஏக்கர் அடிக்குச் சுமார் 520 டாலர். அதே ஆண்டின் விதைப்பு நல்கையை விட இது 500 மடங்கு. எந்த வழி எவ்வளவு நீர் தரும் என்ற கணிப்பில் நடுவண் அரசின் சொந்த மதிப்பீட்டை இந்த விகிதமே காட்டிவிடுகிறது.

லிட்டருக்கு 18 பைசா

இந்தியாவிலும் ஒரு கணக்கு உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் 2018, 2019 பருவமழைக் காலங்களில் 276 மேகங்களை ஆராய்ந்தது. இவை வெப்பமண்டல மேகங்கள் என்பதால் ஈரத்தை ஈர்க்கும் உப்புத் துகள்கள் விதைக்கப்பட்டன. 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை 18 விழுக்காடு கூடியதாகவும், கூடுதல் நீர் 86.7 கோடி லிட்டர் என்றும், செலவு லிட்டருக்கு 18 பைசா என்றும் நிறுவனம் அறிவித்தது. உள்நாட்டு விமானத்தைப் பயன்படுத்தினால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும் என்பதும் அதன் மதிப்பீடு.

18 பைசா சிறிதாகத் தோன்றும். அலகை மாற்றினால் தோற்றம் மாறும். கன மீட்டருக்கு 180 ரூபாய். ஒரு டி.எம்.சி. என்பது 2.83 கோடி கன மீட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி.க்குச் சுமார் 510 கோடி ரூபாய். செலவு பாதியானாலும் 255 கோடி. கிடைத்த 86.7 கோடி லிட்டர் என்பது 0.03 டி.எம்.சி.; சென்னை மாநகருக்கு ஒரு நாள் குடிநீர் வழங்கக்கூடப் போதாது. இது ஆராய்ச்சித் திட்டம் என்பதால் அளவீட்டுச் செலவும் சேர்ந்த கணக்கு என்பதையும், மழையாக விழுந்த நீர் முழுவதும் ஆற்றையோ ஏரியையோ அடையாது என்பதையும் இரு பக்கமும் குறித்துக்கொள்ள வேண்டும். கொலராடோவின் மலைப்பனி மாதக்கணக்கில் மலையிலேயே தேங்கி, கோடையில் உருகி, அணைக்கு வருகிறது. சோலாப்பூரின் மழைக்கு அந்த இயற்கைத் தேக்கம் இல்லை. ஓரிடத்தின் விழுக்காட்டை மற்றோரிடத்தின் திட்டத்துக்கு எடுத்துப் போடுவது பிழை.

கணக்கை முடிக்கலாம். கொலராடோவில் மேக விதைப்பின் பலன் ஓட்டத்தில் 0.5 முதல் 3 விழுக்காடு. பற்றாக்குறையில் சாதகமான கணிப்பிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள். விலை மலிவு, உறுதி குறைவு. சிறு துணைவழியாக அதைத் தொடர நியாயம் உண்டு. ஒப்பந்த உரிமைகளைத் திருத்துவதையும் பயிர்முறையை மாற்றுவதையும் ஒத்திப்போட அதைச் சாக்காக்க எந்த எண்ணும் இடம் தரவில்லை.

வறட்சி ஆண்டுகளில் எந்த அரசும் செயற்கை மழைத் திட்டத்தை அறிவிக்கலாம். அப்போது நான்கு எண்களைக் கேளுங்கள். விதைக்கத் தகுந்த மேகங்கள் எத்தனை விழுக்காடு? அவற்றில் கூடுதல் பொழிவு எத்தனை விழுக்காடு? அது தற்செயல் அல்ல என்று குலுக்கல் முறைச் சோதனையில் காட்டப்பட்டதா, நிகழ்தகவு என்ன? அணையை அடையும் ஒரு டி.எம்.சி.க்கு ஆகும் செலவு எவ்வளவு? இந்த நான்கும் இல்லாத அறிவிப்புக்கு மக்கள் பணத்தை ஒதுக்கக் கூடாது.